கிழக்குத் திமோரும் சிக்கனப் பயணக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைந்த செலவில் தென்கிழக்காசியாவைச் சுற்றிவருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்த கட்டுரையாளர், திமோர்-லெஸ்தே என்று இன்று வழங்கும் கிழக்குத் திமோரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அங்கே செலவு அதிகம், பார்ப்பதற்கு அதிகமில்லை, ஆகவே முதுகுப் பையுடன் கிளம்புகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம் என்கிறார். முதல் பாதியை நான் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியை எழுதியவர் அந்த மண்ணில் கால் வைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. இவை போக, தரைவழியாக எல்லையைக் கடப்பது பற்றி அவர் தந்துள்ள தகவல் யாரையேனும் நடுவழியில் நிறுத்திவிடக் கூடியது. அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். 2025 ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கிப் பதினேழு நாட்கள், என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருடன் அந்நாட்டில் சுற்றினேன். பேருந்து, சரக்கு லாரி, படகு, நடை இவை தவிர வேறு வாகனம் வைத்துக்கொள்ளவில்லை. வங்கிப் பழக்கத்தால் செலவை நாள்தோறும் குறித்து வைத்தேன். கீழே வரும் தொகைகள் அந்தக் குறிப்பேட்டில் உள்ளவை.

திமோர் தீவின் கிழக்குப் பாதி, மேற்குப் பாதியில் இந்தோனேசியாவால் சூழப்பட்ட ஒய்குஸ்ஸே என்னும் தனித்துண்டு, வடக்கே அதாவுரோ தீவு, கிழக்கு முனையில் ஜாக்கோ என்னும் சிறு தீவு ஆகியவை சேர்ந்தது அந்நாடு. பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர். மக்கள் 13 லட்சம் பேர். மலாய் மொழியில் 'திமுர்' என்றாலும் போர்த்துகீசிய மொழியில் 'லெஸ்தே' என்றாலும் கிழக்குதான். ஆக அந்நாட்டின் பெயரே 'கிழக்குக் கிழக்கு' என்றாகிறது. போர்த்துகல் விலகிய குழப்பத்தில் 1975 நவம்பர் 28 அன்று விடுதலையை அறிவித்த நாடு, ஒன்பதே நாளில் இந்தோனேசியப் படையெடுப்புக்கு உள்ளானது. 1999 ஆகஸ்ட் 30 அன்று ஐக்கிய நாடுகள் அவை நடத்திய பொதுவாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தார்கள். 2002 மே 20 அன்று அது மீண்டும் தன் கொடியை ஏற்றியது. நாங்கள் திரும்பி வந்த மறுமாதம், அக்டோபர் 26 அன்று, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பதினோராவது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

செலவு ஏன் அதிகம் என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் எப்படிக் குறைப்பது என்பதும் விளங்கியிருக்கும். அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் இடைக்கால நிர்வாகம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின்னும் அது மாற்றப்படவில்லை. சில்லறைக்கு மட்டும் 2003 முதல் சென்டாவோ என்னும் சொந்த நாணயங்கள் உள்ளன. அரிசி, சிமெண்ட், பிஸ்கட், குடிநீர்ப் புட்டி எனக் கடையில் காணும் பெரும்பாலான பொருள்கள் கப்பலேறி வருகின்றன. 1999 முதல் 2012 இறுதி வரை அடுத்தடுத்து வந்த ஐ.நா. குழுக்களில் பணியாற்றிய வெளிநாட்டினரை நம்பி எழுந்த விடுதிகளும் உணவகங்களும் தலைநகர் டிலியில் பல; அவர்கள் போன பிறகும் விலைப்பட்டியல் முழுவதுமாக இறங்கிவிடவில்லை. எண்ணெய், எரிவாயு வருவாயை நம்பி நடக்கும் அரசாங்கம், குறைந்த ஊதியம் பெறும் மக்கள், பயணிகளுக்கென்று பெருகாத போட்டி, இவையெல்லாம் சேர்ந்து ஒரே தெருவில் இரண்டு விலை உலகங்களை உண்டாக்கி வைத்திருக்கின்றன. ஒன்றில் காலைச் சிற்றுண்டி பத்து டாலர்; அடுத்த சந்தில் சோறு, கீரை, ஒரு துண்டு மீன் எல்லாம் சேர்த்து இரண்டு டாலர். முதல் உலகத்தில் மட்டும் உலவிவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்நாடு செலவு மிகுந்ததாகவே தோன்றும்.

இரண்டாவது உலகத்துக்குள் நுழைய ஒரு நாணயம் போதும். டிலி நகரத்துக்குள் ஓடும் சிறு வேன்களை மிக்ரோலெட் என்பார்கள். வழித்தடத்துக்கு ஓர் எண், ஒரு வண்ணம். கட்டணம் 25 சென்டாவோ. அந்த நாணயத்தில் ஒரு பாய்மரப் படகு பொறிக்கப்பட்டிருக்கும். இறங்க வேண்டிய இடம் நெருங்கியதும் யாரும் குரல் கொடுப்பதில்லை. நாணயத்தால் மேலே உள்ள கைப்பிடிக் கம்பியில் தட்டுகிறார்கள், வண்டி நின்றுவிடுகிறது. உள்ளே முழங்கால் இடிக்க எதிரெதிராக உட்கார்ந்து, காது கிழியும் பாட்டைக் கேட்டுக்கொண்டு போவதில் நம் ஊர் மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளலாம். வாடகைக் காரோட்டி ஐந்து டாலர் கேட்ட தொலைவை நாங்கள் இருவரும் அரை டாலரில் கடந்தோம். ஆனால் பொழுது சாய்ந்தபின் மிக்ரோலெட்டை நம்பக் கூடாது. முதல் நாள் மாலை அதை நம்பி, கொமோரோ சந்தைப் பக்கத்திலிருந்து விடுதி வரை இருட்டில் நடந்தே வந்தோம்.

வெளியூர்ப் பயணத்துக்குக் கால அட்டவணை தேடக் கூடாது. கிழக்கே போகும் வண்டிகள் பெக்கோராவிலிருந்தும், தெற்கே மலைக்குப் போகிறவை தாய்பெசி பக்கத்திலிருந்தும், மேற்கே எல்லை நோக்கிப் போகிறவை தாசிதோலுவிலிருந்தும் விடியற்காலையில் கிளம்புகின்றன. கிளம்புகின்றன என்று எழுதிவிட்டேனே தவிர, ஆள் நிறையும் வரை ஊரையே வலம் வருகின்றன என்பதுதான் சரி. நடுத்தர அளவுப் பேருந்தைப் 'பிஸ்கோத்தா' என்கிறார்கள். இந்தோனேசிய மொழியில் 'நகரப் பேருந்து' என்னும் தொடர் அப்படித் திரிந்திருக்கிறது. என் நண்பர் மட்டும் கடைசி நாள் வரை அதைப் பிஸ்கோத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல பாதை இல்லாத ஊர்களுக்கு 'அங்குனா' என்னும் திறந்த லாரிகள் உண்டு. அவற்றில் ஆட்களும் நெல் மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஒரே கட்டணத்தில் போவதுபோல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலில் இருப்பார்கள். வண்டிகள் மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கராக உள்ள நாட்டில் ஞாயிறன்று ஊர் மாறத் திட்டமிடுகிறவர் ஒரு நாள் விடுதிச் செலவைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

டிலியிலிருந்து கிழக்கே பாவ்காவ் என்னும் ஊர் 120 கிலோமீட்டர் சொச்சம். இருவருக்கும் சேர்த்துப் பத்து டாலர் ஆகவில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காய்ந்த புல்மலை, இடையிடையே புளியமரங்கள். மனதுதோ என்னும் ஊர் வந்ததும் வயல்களும் எருமைகளும் தொடங்குகின்றன. பாவ்காவ் பழைய ஊரில் மலையிலிருந்து ஊற்று நீர் தெருவோரக் கால்வாய்களில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. போர்த்துகீசியர் கட்டிய பழைய சந்தைக் கட்டடம் அரைவட்டத்தில் நிற்கிறது. அந்த நீரிலேயே நிரம்பும் நீச்சல் குளத்தில் ஊர்ப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். அங்கிருந்து இன்னும் கிழக்கே லோஸ்பாலோஸ், துதுவாலா வரை போகலாம். அப்பகுதியின் ஃபாத்தலுக்கு மக்கள் நான்கு பெரிய மரத்தூண்கள்மேல் உயரக் கூரை வேய்ந்த சடங்கு வீடுகளைக் கட்டுகிறவர்கள். 2007-இல் அறிவிக்கப்பட்ட நினோ கோனிஸ் சந்தானா தேசியப் பூங்கா, அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா, அந்த முனையில்தான் உள்ளது. துதுவாலாவை அடுத்த ஜெரிமலாய் பாறைக்குகையில் 42,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்கடல் மீன்களைப் பிடித்து உண்டதற்கான சான்றுகளைத் தொல்லியல் அறிஞர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் ஜாக்கோ தீவின் வெண்மணல் கண்ணைப் பறிக்கும். அது புனிதமான தீவு என்பது மக்கள் நம்பிக்கை. பகலில் போய் வரலாம், இரவு தங்கக் கூடாது. அங்கே ஒரு வீடும் இல்லை. இதையெல்லாம் 'அதிகமில்லை' என்று எழுதுகிறவருக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்று தெரியவில்லை.

பேரம் பேசுவது பற்றிக் கட்டுரையில் இருந்த அறிவுரைக்கு வருகிறேன். சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்குங்கள் என்கிறார் அவர். பாங்காக் கடைத்தெருவுக்கு அது பொருந்தலாம். திமோரின் சந்தைகளில் தக்காளி, மிளகாய், எலுமிச்சை, வேர்க்கடலை எல்லாம் தரையில் விரித்த துணியில் கூறு கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நம் கிராமச் சந்தை போலவேதான். ஒரு கூறு 50 சென்டாவோ அல்லது ஒரு டாலர். யாருக்கும் அதே விலை. நாங்கள் ஒருமுறை குறைத்துக் கேட்டபோது விற்ற அம்மா விலையைக் குறைக்கவில்லை. கூறின்மேல் இரண்டு தக்காளியை எடுத்து வைத்தார். கொசுறு என்னும் சொல் அவர் மொழியில் என்னவோ, வழக்கம் இருக்கிறது.

தாய்ஸ் என்னும் கைத்தறித் துணிக்கு இது இன்னும் பொருந்தும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் தறியில் பெண்கள் தரையில் உட்கார்ந்து நெய்வது; ஒரு பெரிய துணி முடிய வாரக் கணக்கில் ஆகும். அவசரப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுச் செல்வங்களின் பட்டியலில் 2021-இல் யுனெஸ்கோ அதைச் சேர்த்தது. நூலை முறுக்கிச் சாயம் தோய்த்துக் கறை படிந்த விரல்களைப் பார்த்த பிறகு, ஐந்து டாலரைக் குறைப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று நண்பர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. சிக்கனம் வேறு, எளியவர் வயிற்றில் கை வைப்பது வேறு; ஆனால் முதுகுப்பைக்காரர்களுக்கு எழுதப்படும் குறிப்புகளில் இரண்டும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன.

உணவைப் பற்றி நம்மவர்கள் முதலில் கேட்பது சைவம் கிடைக்குமா என்பதுதான். இந்தோனேசிய முறைச் சிறு உணவகங்களில் கண்ணாடிப் பெட்டியைக் காட்டிக் கேட்டு வாங்கலாம். சோயாவில் செய்யும் தோஃபு, டெம்பே, அத்துடன் வள்ளைக்கீரை எல்லா இடத்திலும் உண்டு. சோளமும் பூசணியும் பயறும் சேர்த்து வேகவைக்கும் 'பாத்தார் தான்' திமோருக்கே உரிய எளிய உணவு. முருங்கைக் கீரையைப் பல வீடுகளில் சமைக்கிறார்கள். அந்நாட்டவர் பேசும் தேதும் மொழியில் அதன் பெயர் 'மாருங்கி' என்று கேட்டதும் நாங்கள் இருவரும் இலைக்கட்டை வாங்கி முகர்ந்து பார்த்தோம். மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் புளியில் ஊறவைத்துச் சுட்ட வஞ்சிர மீன் இருக்கிறது. மிளகாய்த் துவையலை 'ஐமானஸ்' என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவை, எல்லா வீட்டிலும் காரம்.

மொழி ஒரு தடை என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. தேதும், போர்த்துகீசியம் இரண்டும் ஆட்சிமொழிகள். முதியவர்கள் சிலர் போர்த்துகீசியமும், நடுவயதினர் இந்தோனேசிய மொழியும், பிள்ளைகள் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுகிறார்கள். 'பொந்தியா' என்று காலை வணக்கமும், 'ஒப்ரிகாது' என்று நன்றியும், 'ஹீரா?' என்று விலையும் கேட்கத் தெரிந்தால் சந்தையைக் கடந்துவிடலாம். தமிழருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. திமோர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கோவாவிலிருந்த போர்த்துகீசிய ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. நம் கடற்கரைக்கு வந்த அதே போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்கள் அங்கேயும் தங்கியிருக்கின்றன. ஜன்னல் அவர்களுக்கு ஜனேலா, மேசை மேசா, சாவி ஷாவி, துவாலை துவாலா. விடுதிக்காரப் பெண்ணிடம் அறைச் சாவியை மறதியாகத் தமிழிலேயே கேட்டேன், எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மலைப்பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மௌபிஸ்ஸே வழியாக ஹாத்தோ புயிலிக்கோ என்னும் சிற்றூருக்குப் போய், அங்கு ஒரு வீட்டில் தங்கினோம். இரவு உணவும் காலைக் காப்பியும் சேர்த்துத் தலைக்கு 20 டாலர். அவ்வூர்தான் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ராமெலாவ் மலையின் அடிவாரம். உயரம் 2,963 மீட்டர். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் விடியும் முன் உச்சிக்குப் போய்விடலாம் என்றார்கள். எங்கள் வயதுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று, சூரியன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. உச்சியில் மரியன்னை சிலை. வானம் தெளிந்திருந்ததால் வடக்கே ஒரு கடலும் தெற்கே ஒரு கடலும் தெரிந்தன. தீவு எவ்வளவு ஒடுங்கியது என்பது வரைபடத்தில் பார்த்ததைவிட அப்போதுதான் உறைத்தது. கம்பளி எடுத்துப் போகாமல் வெப்பமண்டலத் தீவுதானே என்று கிளம்பிய என் நண்பருக்கு வீட்டுக்காரர் தம் போர்வையைக் கொடுத்தனுப்பினார். அதற்கு அவர் பணம் வாங்க மறுத்ததால், எங்களிடமிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை வீட்டுச் சிறுமியிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

அம்மலைகளில் காப்பிதான் வாழ்வு. உயர்ந்த நிழல்மரங்களின் கீழ், தோட்டம் என்று வேலி கட்டாமல், வீட்டைச் சுற்றிக் காடு போலவே வளர்கிறது. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்ததும், அங்கு உழைத்த தமிழர்களின் கைகள் பின்னர் தேயிலைக்குத் திரும்பியதும் நாம் அறிந்தவை. அந்த நோயைத் தாங்கக்கூடிய ஒரு செடி 1920-களில் திமோரில் அடையாளம் காணப்பட்டது. அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகவே கலந்து பிறந்தது. 'திமோர் கலப்பினம்' என்று பெயர் பெற்ற அச்செடியிலிருந்து உலகெங்கும் பல வகைகள் உருவாக்கப்பட்டன. நம் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் நடப்படும் காவேரி வகையிலும், 2007-இல் வெளியிடப்பட்ட சந்திரகிரி வகையிலும் அதன் மரபு இருக்கிறது. நம் வீட்டு டிகாக்ஷனில் திமோர் ஏற்கெனவே கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். அந்த வீட்டுத் திண்ணையில் இரும்புச் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, பால் இல்லாமல் தந்த காப்பிக்கு விலை கேட்பதே தவறு என்பதுபோல் பார்த்தார்கள்.

டிலியில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் துயரத்தின் இடங்கள். அதனாலேயே சுற்றுலாக் கையேடுகள் அவற்றை விரைவாகக் கடந்துவிடுகின்றன போலும். 1991 நவம்பர் 12 அன்று ஊர்வலமாக வந்த இளைஞர்கள்மீது இந்தோனேசியப் படையினர் சுட்ட சாந்தா குருஸ் கல்லறைத் தோட்டம் ஊருக்கு நடுவே இருக்கிறது. பாலிதே பகுதியிலுள்ள பழைய சிறைச்சாலை இப்போது நினைவகம். அக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை அறியும் ஆணையம் 2005-இல் அளித்த அறிக்கையின் பெயர் 'ஷேகா', அதாவது 'போதும்'. 1974 முதல் 1999 வரை மோதல் காரணமாக மாண்டவர்கள் குறைந்தது 1,02,800 பேர் என்று அந்த ஆணையம் மதிப்பிட்டது. இருட்டறைகளின் சுவரில் கைதிகள் கீறியவை அப்படியே விடப்பட்டிருக்கின்றன. கடற்கரையின் கிழக்கு முனையில் 27 மீட்டர் உயரக் கிறிஸ்து சிலை நிற்கிறது. கிழக்குத் திமோரைத் தன் 27-ஆவது மாநிலம் என்று சொல்லிக்கொண்ட இந்தோனேசிய அரசு 1996-இல் அளித்த பரிசு அது. அதே ஆண்டில்தான் திமோர் மக்களுக்காகக் குரல் கொடுத்த கத்தோலிக்க ஆயர் பெலோவுக்கும் ஜோசே ராமோஸ்-ஹோர்த்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசளித்தவர்களை வெளியேற்றிய மக்கள் சிலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாலையில் படியேறி உடற்பயிற்சி செய்கிறார்கள். ஆகஸ்ட் 30 அன்று நாங்கள் டிலியில் இருந்தோம். வாக்கெடுப்பு நினைவு விடுமுறை. தேநீர்க் கடையில் எங்களருகே உட்கார்ந்த பெரியவர், அன்று விடியுமுன்பே வரிசையில் நின்று வாக்களித்ததைச் சைகையிலும் பாதி இந்தோனேசிய மொழியிலும் சொன்னார். இவ்விடங்களைப் பார்க்க எங்களுக்குச் செலவு என்று சொல்லும்படி எதுவும் ஆகவில்லை.

அதாவுரோ தீவுக்குப் பெரிய பயணிகள் கப்பலும் விரைவுப் படகுகளும் உண்டு. கப்பல் மலிவு, படகு பல மடங்கு. கப்பல் ஓடும் நாளைத் தெரிந்துகொண்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொண்டால் இருவருக்குக் கணிசமாக மிச்சமாகும். 2016-இல் நடந்த கடல் ஆய்வில், ஓரிடத்துக்குச் சராசரி 253 வகைப் பவளப்பாறை மீன்கள் அங்கே எண்ணப்பட்டன. முகமூடியும் மூச்சுக்குழலும் இரண்டு டாலருக்கு வாடகை எடுத்துக் கரையிலிருந்து முப்பதடி நீந்தினாலே போதுமானது. காற்றுக்கலம் கட்டிக்கொண்டு ஆழத்தில் மூழ்கிப் பார்ப்பதற்கு நூறு டாலர் கொடுக்க வேண்டியதில்லை.

கடலில் இறங்குமுன் ஊரைக் கேட்க வேண்டும். திமோரின் கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உள்ளன. அவற்றால் உயிரிழப்புகளும் நேர்கின்றன. தன்னைக் காப்பாற்றிய சிறுவனுக்காக ஒரு முதலைதான் இத்தீவாக மாறியது என்பது அவர்கள் கதை. ஆகையால் அதை 'தாத்தா முதலை' என்று பொருள்பட மரியாதையோடு அழைக்கிறார்கள், கொல்வதில்லை. ஒரு கரையில் யாரும் குளிக்கவில்லை என்றால் அந்த நீர் நமக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் சான்றளித்தது, டெங்கு இருக்கிறது. 2024 முதல் வெறிநாய்க்கடி நோயும் தெரியவந்திருப்பதால் தெருநாய்களிடம் எச்சரிக்கை தேவை. டிலிக்கு வெளியே மருத்துவ வசதி குறைவு. எனவே பயணக் காப்பீட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அவசரமானால் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு விமானத்தில் கொண்டுசெல்வதையும் உள்ளடக்கிய காப்பீடே பயன் தரும்.

எங்கள் கணக்கு இது. பதினேழு நாட்களில் தங்கல், உணவு, உள்நாட்டுப் போக்குவரத்து, படகு, ஒரு தாய்ஸ் துணி எல்லாம் சேர்த்து, தலைக்கு நாளொன்றுக்கு 34 டாலர். அதில் பாதிக்கு மேல் தங்கலுக்குப் போயிற்று. டிலியில் பலர் தங்கும் கூடத்தில் ஒரு கட்டில் 15 டாலர் என்றால், வியட்நாமில் அதில் பாதிக்குத் தனி அறையே கிடைக்கும். கட்டுரையாளர் சொன்ன 'செலவு அதிகம்' என்பதன் உண்மை அங்கேதான் இருக்கிறது. கிராமத்து வீடுகளில் தங்கியபோது தொகை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சாப்பாடும் வழிகாட்டலும் அதற்குள் அடங்கிவிட்டன, கொடுத்த பணமும் அந்த வீட்டிலேயே தங்கியது. உண்மையான பெருஞ்செலவு விமானம். பாலியிலிருந்து டிலிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றாலும், அந்தப் பகுதிக்குப் போய்வர ஆன கட்டணம் சென்னையிலிருந்து பாலிக்குப் போய்வர ஆனதற்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. ஆகவே நான்கு நாட்களுக்கு அங்கே போவது வீண். மூன்று வாரம் இருக்க முடிந்தவர்களுக்கே அந்த விமானச் சீட்டு கட்டுபடியாகும்.

இனித் திருத்தம். மேற்குத் திமோரின் குப்பாங் நகரிலிருந்து பேருந்தில் வந்து, எல்லையில் இறங்கியவுடன் விசா பெற்றுக்கொள்ளலாம், விமானச் செலவு மிச்சம் என்று கட்டுரை சொல்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. டிலி விமான நிலையத்தில் இறங்கினால் 30 டாலர் கட்டி 30 நாள் விசா பெறலாம். நாங்கள் அப்படித்தான் பெற்றோம். பத்துகாதே எல்லைச் சாவடி வழியாகப் போவதானால் முன்னதாகவே விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். விமான நிலைய விசாவுக்கும் திரும்பும் சீட்டையும் தங்குமிட விவரத்தையும் அச்சிட்டு வைத்திருப்பது நல்லது. புறப்படும்போது நம் ஊர் விமான நிலையத்தில், அப்படியொரு நாட்டுக்கு விசா இல்லாமல் ஏற்ற முடியாது என்று சீட்டு மேசையில் இருந்தவர் எங்களை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார். மேலதிகாரி வந்து கணினியில் பார்த்த பிறகே அட்டையைக் கொடுத்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த மேசைக்கு அந்நாட்டின் பெயர் எத்தனை முறை வந்திருக்கும்?

டாலர் நோட்டுகள் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். கிழிந்ததையும் பழைய வரிசை நோட்டையும் அங்கே வாங்க மறுக்கிறார்கள். டிலியை விட்டுக் கிளம்பினால் பணம் எடுக்கும் இயந்திரம் அரிது. கிராமத்தில் 50 டாலர் நோட்டை நீட்டினால் அதை மாற்ற ஊரே கூட வேண்டியிருக்கும். ஒன்றும் ஐந்துமாக வைத்துக்கொள்வதே நல்லது. மிஞ்சும் சென்டாவோ நாணயங்களை வேறெந்த நாட்டிலும் மாற்ற முடியாது; கடைசி நாள் மிக்ரோலெட்டிலேயே செலவழித்துவிட வேண்டும்.

அங்கே மழை டிசம்பரில் பிடித்து ஏப்ரல் வரை பெய்கிறது; மலைச்சாலைகள் அப்போது அறுந்துபோகும். மே முதல் நவம்பர் வரைதான் பயணத்துக்கு ஏற்ற காலம். அதற்கான விமானச் சீட்டுகளைத் தங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதே பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் சிலராவது இருப்பார்கள். என் கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லாமல் போனாலும், எல்லை விசா பற்றிய திருத்தத்தை மட்டுமாவது வரும் ஞாயிறு இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.